சிஃபான் ஹசன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த நாளிலிருந்து, நான் ஓட்டப் போட்டிகளைத் தொடர்ந்து பார்ப்பவன் என்று தெரிந்த பலரும் என்னிடம் சிஃபான் ஹசனைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் பார்த்தது மாரத்தானின் கடைசி ஒரு நிமிடக் காணொளியை மட்டும்தான். அதற்குப் பின்னால் பத்து வருடக் கதை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதிவிட்டேன். நேரங்கள் எல்லாம் மணி:நிமிடம்:விநாடி என்ற வரிசையில் இருக்கின்றன. சிறிய தூரங்களுக்கு நிமிடம்:விநாடி.

முதலில் யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1993 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியாவின் அடாமாவில் பிறந்தவர். நெதர்லாந்துக்காக ஓடுகிறார். ஒலிம்பிக்ஸில் ஆறு பதக்கங்கள். டோக்கியோவில் 5000, 10,000 மீட்டரில் தங்கம், 1500 மீட்டரில் வெண்கலம். பாரிஸில் மாரத்தான் தங்கம், 5000, 10,000 மீட்டரில் வெண்கலம். அதற்கு முன் 2016 ரியோவிலும் ஓடினார். 1500 மீட்டரில் ஐந்தாம் இடம், பதக்கம் இல்லை.

1500, 5000, 10,000, மாரத்தான் ஆகிய நான்கிலும் ஒலிம்பிக் பதக்கம் வைத்திருப்பவர் ஆண்கள், பெண்கள் இருபாலாரிலும் இவர் ஒருவர்தான். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு செய்தியைச் சுற்றித்தான் வருகிறது.

எத்தியோப்பியாவா, நெதர்லாந்தா? பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்களா?

இல்லை. 2008-இல், 15 வயதில், அகதியாக நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். அங்கே தாதியர் படிப்புப் படித்தபடி ஓடத் தொடங்கினார். 2013 நவம்பரில் குடியுரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சூரிச்சில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம், 5000 மீட்டர் வெள்ளி.

ஏற்கெனவே பெயரெடுத்த ஓட்டக்காரர்கள் வேறு நாட்டுக்கு மாறிப் போவது இந்த விளையாட்டில் நடக்கிற விஷயம்தான். அதனால் இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ஹசன் வந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. மொழி தெரியாத நாட்டில், குடும்பம் பக்கத்தில் இல்லாமல் தொடங்கிய பெண். அவரை உலகத் தர ஓட்டக்காரராக ஆக்கியது நெதர்லாந்தில் கழித்த வருடங்கள்.

நடுத்தூரம், நெடுந்தூரம் என்கிறார்களே, எங்கே கோடு கிழிக்கிறார்கள்?

பொதுவாக 800 மீட்டரும் 1500 மீட்டரும் நடுத்தூரம். ஒரு மைல், அதாவது 1609 மீட்டர், அதனோடு சேரும். 5000, 10,000, அதற்கு மேல் சாலையில் ஓடும் அரை மாரத்தான், மாரத்தான் எல்லாம் நெடுந்தூரம். 3000 மீட்டர் நடுவில் நிற்கிறது. ஒவ்வொருவர் ஒவ்வொரு பக்கம் சேர்ப்பார்கள்.

ஹசனின் சிறந்த நேரங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தக் கோடு அவருக்கு இல்லை என்று தெரியும். 800 மீட்டர் 1:56.81. 1500 மீட்டர் 3:51.95. மைல் 4:12.33. 10,000 மீட்டர் 29:06.82. மாரத்தான் 2:13:44.

ஓட்டம் என்றால் எல்லாம் ஓட்டம்தானே? 1500 ஓடுபவர் மாரத்தான் ஓடுவது அவ்வளவு பெரிய விஷயமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மேலே சொன்ன நேரங்களையே எடுத்துக்கொள்வோம். அவரது 1500 மீட்டர் வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 35 விநாடி. மாரத்தான் வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 10 விநாடி. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம், சின்னதாகத் தெரியலாம். ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. 1500 மீட்டரில் மூச்சின் மூலம் வரும் சக்தி பெரும்பகுதி என்றாலும், கடைசி 300 மீட்டரில் அது போதாது. ஆக்சிஜன் இல்லாமல் தசைக்குள் உண்டாகும் சக்தியை வைத்துத்தான் பாய வேண்டும். கால்கள் கனத்து எரியும். மாரத்தானில் அந்த எரிச்சலே வரக்கூடாது. அங்கே பிரச்சினை எரிபொருள். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே குடிக்கவும் வேண்டும். கால் தசைகள் சாலையின் அடியை ஆயிரக்கணக்கான தடவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் பயிற்சியும் எதிரெதிர் திசையில் இழுக்கிறது. மாரத்தானுக்காக வாரம் முழுவதும் நீண்ட தூரம் ஓடினால் கடைசிப் பாய்ச்சலின் கூர்மை மழுங்கும். பாய்ச்சலுக்காகவே பயிற்சி செய்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் ஒத்துழைக்காது. ஹைலே கெப்ரெசெலாசி, கெனெனிசா பெக்கெலே, எலியுட் கிப்சோகே என்று பெரிய பெயர்கள் எல்லாரும் ஓடுதளத்தில் தொடங்கி மாரத்தானுக்குப் போனவர்கள்தான். ஆனால் அது வயது ஏறஏறப் போகும் ஒருவழிப் பாதை. போனவர்கள் 1500 மீட்டருக்குத் திரும்பி வந்து பதக்கம் வாங்கியதில்லை. ஹசன் 2023 ஏப்ரலில் லண்டன் மாரத்தானை வென்றார், ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 1500 மீட்டர் வெண்கலம் வாங்கினார், அக்டோபரில் சிகாகோவில் 2:13:44 ஓடினார். சிகாகோ நேரம் அன்றைய நிலையில் பெண்கள் மாரத்தானில் உலகின் இரண்டாவது சிறந்த நேரம். ஏழு மாதங்களுக்குள் இந்த மூன்றும் என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு மணி நேர ஓட்டத்தில் 18,930 மீட்டர் ஓடி உலக சாதனை படைத்தார். சிகாகோ மாரத்தானில் அவரது சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 18.93 கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஓடி உலக சாதனை செய்த அதே வேகத்தை, இரண்டே கால் மணி நேரத்துக்கு நீட்டியிருக்கிறார்.

ஏன் எப்போதும் கடைசியில் ஓடிக்கொண்டிருக்கிறார்? பார்க்கவே பதற்றமாக இருக்கிறது.

அது அவர் தேர்ந்தெடுத்த இடம். கூட்டத்தின் முன்னால் இடத்துக்காகத் தள்ளுமுள்ளு நடக்கும். ஒருவர் திடீரென்று வேகம் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார். முன்னால் இருப்பவர்கள் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் அந்த ஏற்ற இறக்கங்களைத் தன் போக்கில் சமன்செய்துகொண்டு சீராக ஓடலாம். பிறகு மெல்ல மெல்ல இடம் பிடித்து, கடைசிச் சுற்றின் மணி அடிக்கும்போது முன்வரிசைக்கு வந்திருப்பார். 1500 மீட்டர் ஓட்டக்காரியின் பாய்ச்சல் கையில் இருக்கிறபோது, கடைசி 300 மீட்டர் வரை மற்றவர்களோடு இருந்தால் போதும்.

இதற்கு விலையும் உண்டு. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு வளைவை முழுக்க ஒரு தடம் வெளியே ஓடினால் சுமார் 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். வெளியே சுற்றி முந்துகிறவர் அந்த மீட்டர்களைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் இருப்பவரும் தடுக்கி விழும் ஆபத்தும் அதிகம். டோக்கியோவில் அது நடந்தது.

‘எப்போதும்’ என்பது மட்டும் சரியில்லை. 2019 தோஹா 1500 மீட்டர் இறுதியில் சீக்கிரமே முன்னால் போய், யாரையும் பக்கத்தில் வரவிடாமல் ஓடினார். டோக்கியோ 1500 மீட்டர் இறுதியிலும் பெரும்பகுதி முன்னால்தான் இருந்தார். மற்றவர்களைக் களைக்கவைக்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் செய்வார்.

தோஹாவில் அப்படி என்ன செய்தார்?

1500 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் ஒரே உலகப் போட்டியில் தங்கம். அதற்கு முன் ஒலிம்பிக்ஸிலோ உலகப் போட்டியிலோ யாரும் செய்யாதது. 1500-ஐயும் 5000-ஐயும் சேர்த்து வெல்வதே அபூர்வம். 1924 பாரிஸில் பாவோ நூர்மி, 2004 ஏதென்ஸில் ஹிஷாம் எல் கெரூஜ் என்று ஆண்கள் ஒலிம்பிக்ஸில் இரண்டு பேர்தான் செய்திருக்கிறார்கள். 1500-க்கும் 10,000-க்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரியது.

அதைவிட ஆச்சரியம், அந்த 10,000 மீட்டர் அவர் வாழ்க்கையில் ஓடிய இரண்டாவது 10,000 மீட்டர்தான். கடைசி 1500 மீட்டரை நான்கு நிமிடத்தையொட்டி முடித்தார். 8500 மீட்டர் ஓடிய கால்களோடு! பிறகு ஒரு வாரத்தில் 1500 மீட்டரை 3:51.95-இல், உலகப் போட்டிச் சாதனையோடு வென்றார். இரண்டாம் இடம் கென்யாவின் ஃபெய்த் கிப்யெகன்.

அவர் கோச் தடை செய்யப்பட்டவராமே? அப்போ இவரும் ஊக்கமருந்தா?

கேட்க வேண்டிய கேள்வி, அதனால் தயங்காமல் பதில் சொல்கிறேன். ஹசன் 2016-இன் கடைசியில் ஆல்பர்டோ சலாசாரின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் நைக்கி நிறுவனம் நடத்திய குழு அது. தோஹா போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஊக்கமருந்து விதிமீறல்களுக்காக சலாசாருக்கு நான்கு வருடத் தடை அறிவிக்கப்பட்டது. 10,000 மீட்டர் தங்கத்துக்கும் 1500 மீட்டர் தங்கத்துக்கும் நடுவில் வந்த செய்தி. அந்த வழக்கில் பேசப்பட்ட சம்பவங்கள் ஹசன் குழுவில் சேர்வதற்கு முந்தையவை. ஹசன்மீது குற்றச்சாட்டு எதுவும் வைக்கப்படவில்லை. எந்தப் பரிசோதனையிலும் அவர் தவறியதில்லை.

1500 மீட்டரை வென்றதும் கோபத்தோடு பேசினார். என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் பரிசோதியுங்கள் என்பதுதான் சாரம். அந்தக் குழு அதே மாதம் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு டிம் ரோபெரியின் பயிற்சியில் ஓடினார். டோக்கியோ, லண்டன், பாரிஸ் வெற்றிகள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஒருவர் செய்த தவறுக்காக அவரிடம் பயின்றவர்களையும் சேர்த்துத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை என்பது என் கருத்து. கண்காணிப்பும் கேள்விகளும் தொடர வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

டோக்கியோவில் கீழே விழுந்து எழுந்து தங்கம் வாங்கினாரே, அந்த வீடியோ நிஜமா?

விழுந்தது நிஜம், எழுந்து ஜெயித்ததும் நிஜம். ஆனால் தங்கம் அந்த ஓட்டத்தில் இல்லை. இரண்டு ஓட்டங்கள் பலருடைய நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவர் விழுந்தது 1500 மீட்டர் தகுதிச் சுற்றில், 2021 ஆகஸ்ட் 2 காலையில். கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில் முன்னால் ஓடிய கென்ய வீராங்கனை விழ, அவர்மேல் தடுக்கி ஹசனும் விழுந்தார். எழுந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரு சுற்றுக்கும் குறைவு. ஒவ்வொருவராக முந்தி முதலாவதாக வந்தார். அடுத்த சுற்றுக்குப் போக முதல் ஆறு இடங்களுக்குள் வந்தாலே போதும். வேகம் கிடைத்தபின் நிறுத்த மனம் வரவில்லை போல.

தங்கம் அன்று இரவு, 5000 மீட்டரில் வந்தது. விழுந்த உடம்போடு, ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, கடைசிச் சுற்றில் பாய்ந்து 14:36.79-இல் ஹெலன் ஒபிரியையும் குடாஃப் செகாயையும் பின்னுக்குத் தள்ளினார். காலையில் விழுந்ததில் சோர்ந்துபோய், காபியின் தயவில்தான் இரவு ஓட முடிந்தது என்று அவரே சொன்னார்.

டோக்கியோவில் 1500-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டில் மட்டும் கவனம் வைத்திருக்கலாமே? பேராசைதானே?

எட்டு நாளுக்குப் பக்கத்தில் ஆறு ஓட்டங்கள். 5000 மீட்டர் இரண்டு தடவை, 1500 மீட்டர் மூன்று தடவை, 10,000 மீட்டர் ஒரு தடவை. மொத்தம் 24,500 மீட்டர். 1500 இறுதி முடிந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகாமல் 10,000 மீட்டர் இறுதி. அந்த 1500 இறுதியில் கிப்யெகன் ஒலிம்பிக் சாதனையோடு (3:53.11) வென்றார், லாரா மியூர் வெள்ளி, ஹசன் 3:55.86-இல் வெண்கலம்.

1500-ஐ விட்டிருந்தாலும் கையில் இரண்டு தங்கம்தான் இருந்திருக்கும். ஓடியதால் இழந்தது எதுவும் இல்லை, ஒரு வெண்கலம் கூடுதலாக வந்தது. 10,000 மீட்டரில் லெதெசென்பெத் கிடே பெரும்பகுதி முன்னால் இழுத்துக்கொண்டு ஓட, கடைசி நேரத்தில் ஹசன் பாய்ந்தார். முந்தைய இரவு ஓடிய கால்கள் என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘பேராசை’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தன்னால் முடியுமா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவருக்கு அதிகம். தோற்றாலும் அந்த ஆவல் குறைவதில்லை. புடாபெஸ்ட் கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

அவர் செய்த உலக சாதனை இரண்டே நாளில் போய்விட்டதாமே?

ஆமாம். 2021 ஜூன் 6 அன்று நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 10,000 மீட்டரை 29:06.82-இல் ஓடி, அல்மாஸ் அயானா 2016-இல் படைத்த 29:17.45 சாதனையை முறியடித்தார். ஜூன் 8 அன்று, அதே ஊரில், அதே ஓடுதளத்தில் எத்தியோப்பியாவின் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தது. அதில் கிடே 29:01.03 ஓடினார். இரண்டு மாதம் கழித்து டோக்கியோவில் இருவரும் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதை முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன்.

மைல் சாதனை அதிக நாள் நின்றது. 2019 ஜூலையில் மொனாக்கோவில் 4:12.33. ரஷ்யாவின் ஸ்வெட்லானா மாஸ்டர்கோவா 1996-இல் வைத்த 4:12.56 அதுவரை நின்றிருந்தது. 2023-இல் அதே மொனாக்கோவில் கிப்யெகன் 4:07.64 ஓடி அதைப் பெரிய இடைவெளியில் தாண்டினார்.

லண்டன் மாரத்தானில் நடுவழியில் நின்று காலை நீட்டிக்கொண்டிருந்தாரே? எப்படி ஜெயித்தார்?

2023 ஏப்ரல் 23. அவரது முதல் மாரத்தான். இடுப்புப் பக்கம் வலி வந்து, ஓரமாக நின்று நீட்டி மடக்கினார். முன்னணிக் கூட்டம் போய்விட்டது. தொலைக்காட்சியில் அவரைக் காட்டுவதையே கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்கள். பிறகு திரும்பவும் கூட்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்டார். கடைசிப் பகுதியில் தண்ணீர் எடுக்கக் குறுக்கே பாய்ந்தவர், பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளில் மோதத் தெரிந்தார். இத்தனைக்கும் பிறகு 2:18:33-இல் முதலிடம். நான்கு விநாடி பின்னால் அலெமு மெகெர்து, ஐந்து விநாடி பின்னால் ஒலிம்பிக் சாம்பியன் பெரெஸ் ஜெப்சிர்சிர்.

எப்படி என்றால், முன்னணிக் கூட்டம் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு வேகம் குறைத்த நேரம் அவருக்கு உதவியது. விட்டதைப் பிடிக்கப் பதறி ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தார். கடைசி 300 மீட்டரில் மூன்று பேர் சேர்ந்து இருந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும்.

புடாபெஸ்டில் கடைசி நொடியில் விழுந்தாரே, தள்ளிவிட்டார்களா?

நான் அந்த ஓட்டத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். 2023 ஆகஸ்ட் 19. அன்று பகலில் 1500 மீட்டர் தகுதிச் சுற்றும் ஓடியிருந்தார். இரவு 10,000 மீட்டர் இறுதி. கடைசி நேர்கோட்டில் முன்னால் இருந்தார். செகாய் வெளிப்பக்கமாக வந்து தோளோடு தோள் சேர்ந்தார். கோட்டுக்கு 30 மீட்டர்கூட இல்லாத இடத்தில் ஹசன் நிலைதடுமாறி விழுந்தார். வேண்டுமென்று தள்ளியதாக எனக்குத் தெரியவில்லை, நடுவர்களும் யாரையும் தகுதிநீக்கம் செய்யவில்லை. செகாய், கிடே, எஜ்காயெஹு தாயே என்று மூன்று எத்தியோப்பியர்கள் பதக்கம் வாங்கினார்கள். ஹசன் எழுந்து பதினோராவதாகக் கோட்டைத் தாண்டினார். 

அதே இரவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஃபெம்கே போலும் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் விழுந்தார். நெதர்லாந்து ரசிகர்களுக்கு ஒரே மாலையில் இரண்டு அடி. ஆனால் ஹசன் அடுத்த நாள் 1500 அரையிறுதிக்கு வந்து நின்றார். அதில் வெண்கலம், 5000-இல் வெள்ளி என்று முடித்தார். 5000-இல் கிப்யெகனிடம் அவர் தோற்றது 0.23 விநாடியில்.

பாரிஸில் மூன்றும் ஓடியது ஏன் சரித்திரம் என்கிறார்கள்?

1952 ஹெல்சிங்கியில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக் 5000, 10,000, மாரத்தான் மூன்றையும் வென்றார். மாரத்தான் அவருக்கு அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்ஸில் இந்த மூன்றிலும் பதக்கம் வாங்கியவர் ஹசன்தான், 72 வருடம் கழித்து. பெண்களில் முதல் ஆள். சாடோபெக் வாங்கிய மூன்றும் தங்கம் என்பதையும் மறக்கக் கூடாது.

தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். 5000 தகுதிச் சுற்று, 5000 இறுதி, 10,000 இறுதி, மாரத்தான்: 62 கிலோமீட்டருக்கு மேல். ஆகஸ்ட் 9 இரவு 10,000 மீட்டர் முடிந்து 35 மணி நேரத்தில் மாரத்தான் தொடங்கியது. சாதாரணமாக மாரத்தான் ஓடுபவர்கள் போட்டிக்கு முந்தைய வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடம்பைத் தேற்றுவார்கள். அவர் அந்த வாரத்தில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

பாதையும் எளிதல்ல. நகரமன்றத்தில் தொடங்கி, வெர்சாய் போய்த் திரும்பி, இன்வாலிட்ஸில் முடியும் மேடும் பள்ளமுமான வழி. 1789-இல் பெண்கள் வெர்சாய்க்கு அணிவகுத்துப் போன நினைவாக அமைத்தது. ஹசன் மேடுகளில் எல்லாம் முன்னணிக் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டு வந்தார், ஒரு தடவைகூட இழுக்கவில்லை. கடைசியில் 2:22:55, ஒலிம்பிக் சாதனை. எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா மூன்று விநாடி பின்னால், ஒபிரி மூன்றாவது.

கடைசியில் அசெஃபாவை முழங்கையால் இடித்தாரே. அது ஏமாற்று இல்லையா?

காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஹசன் வளைவின் உள்பக்கமாக முந்தப் போகிறார். அசெஃபா அந்த இடத்தை அடைக்க நகர்கிறார். இருவரும் உரசுகிறார்கள், கைகள் படுகின்றன, ஹசன் முன்னால் போய்விடுகிறார். எத்தியோப்பியத் தரப்பு முறையீடு செய்தது; நடுவர்கள் பார்த்து நிராகரித்தார்கள்.

என் பார்வையில் இரண்டு பேரும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1500 மீட்டரில் இந்த அளவு உரசல் ஒவ்வொரு போட்டியிலும் இருக்கும். மாரத்தானில் இருவர் கடைசி 200 மீட்டரில் இப்படி முட்டிக்கொள்வது அரிது, அதனால் கண்ணுக்கு உறுத்துகிறது. அசெஃபாவுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. 42 கிலோமீட்டர் ஓடி மூன்று விநாடியில் தங்கத்தை இழப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த உரசல் இல்லாவிட்டாலும், பாய்ச்சல் என்று வந்தபின் ஹசன்தான் முன்னால் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

பதக்கம் வாங்கும்போது ஹிஜாப் அணிந்திருந்தாரே, ஓடும்போது அணிவதில்லையே?

பெண்கள் மாரத்தான் பதக்கங்கள் நிறைவு விழாவில், அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கொடுக்கப்பட்டன. அங்கே அணிந்து வந்தார். அவர் இஸ்லாமியர். ஓடும்போது என்ன அணிவது, மேடையில் என்ன அணிவது என்பது அவர் முடிவு. இதை வைத்து எழுந்த சண்டைகளில் ஓட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

இதில் எல்லாம் பணம் வருமா?

வரும், ஆனால் மிகச் சிலருக்கு. முக்கிய வருமானம் காலணி நிறுவன ஒப்பந்தம். அப்புறம் பெரிய மாரத்தான்கள் பெயருள்ளவர்களுக்கு வருவதற்கென்றே தனியாகப் பணம் கொடுக்கும்; பரிசுப் பணம் தனி. பாரிஸில் தடகளத் தங்கம் வென்றவர்களுக்கு உலகத் தடகளக் கூட்டமைப்பு முதல் தடவையாக 50,000 டாலர் கொடுத்தது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் அந்தத் தடவை கிடையாது. பணம்தான் நோக்கம் என்றால், ஹசன் ஓடுதளத்தை விட்டு மாரத்தானிலேயே இருந்திருப்பார்.

கிப்யெகன் பெரியவரா, ஹசன் பெரியவரா?

1500 மீட்டரில் கிப்யெகன், சந்தேகமே வேண்டாம். 2016, 2021, 2024 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் அந்த ஒரே தூரத்தில். தோஹாவில் ஹசன் அவரை வென்றார். அப்போது கிப்யெகன் குழந்தை பெற்று மீண்டு வந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 10,000 மீட்டரில் நேரத்தை வைத்துப் பார்த்தால் இன்று பீட்ரிஸ் செபெட் மேலே இருக்கிறார். பாரிஸில் 5000, 10,000 இரண்டிலும் ஹசனை வென்றவர் அவர். மாரத்தான் நேரத்தில் அசெஃபா மேலே.

ஒவ்வொரு தூரத்திலும் ஹசனைவிட வேகமான ஒருவரைக் காட்ட முடியும். ஆனால் அந்த மூவரில் யாரும் மற்றவர் தூரத்துக்குப் போய் இவரைப் போல நான்கிலும் நின்றதில்லை. எனக்குப் பிடித்த ஓட்டக்காரர் யார் என்பதை இதற்குள் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். 2024-இன் உலகின் சிறந்த தடகள வீராங்கனை விருதும் அவருக்குத்தான் கிடைத்தது.

பாரிஸுக்குப் பிறகு ஓய்வு பெற்றுவிட்டாரா?

இல்லை. 2025 ஏப்ரலில் லண்டனில் மூன்றாவது, வென்றது அசெஃபா. அந்த ஆகஸ்ட் 31 அன்று சிட்னி மாரத்தானை 2:18:22-இல், அந்தப் பாதையின் சாதனையோடு வென்றார்.

எனக்கு நேரமில்லை. ஒரே ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்றால் எது?

பாரிஸ் மாரத்தான் என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது டோக்கியோ 1500 மீட்டர் தகுதிச் சுற்று. நான்கு நிமிடம்தான். அவர் விழும்வரை சும்மா பாருங்கள். எழுந்த பிறகு அவர் தலையைக் கவனியுங்கள், அசையாது. கைகள் பதறாது. முதல் 100 மீட்டரில் இடைவெளி குறைவதே தெரியாது. எதிர்ப்பக்க நேர்கோட்டில் ஒருவர், இருவர் என்று முந்தத் தொடங்குவார். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக நான்கைந்து பேரைச் சுற்றிவருவார், நான் மேலே சொன்ன அந்தக் கூடுதல் மீட்டர்களையும் சேர்த்து ஓடிக்கொண்டு.

கொஞ்சம் நேரம் கூட இருந்தால் அதே நாள் இரவு நடந்த 5000 மீட்டரின் கடைசிச் சுற்றையும் உடனே அடுத்ததாகப் பாருங்கள்.